ஈஎஸ்பி32 கிளாம்ப் ஜிக்: நூறு மொடியூலுக்கு வாங்கலாம், வந்தபடியே பாவிக்க வேண்டாம்

கூரைத் தண்ணீர்த் தாங்கியின் மட்டம் பார்த்து மோட்டரை நிறுத்தும் கருவி, பாடசாலை மணிக்கு ஒரு டைமர், மீன் குளிரறையின் வெப்பநிலையைப் பதியும் பெட்டி. கொழும்பில் இப்படிச் சிறிய அளவில் செய்து விற்பவர்களின் மேசையில் ஈஎஸ்பி32 வ்ரூம்-32ஈ என்ற, வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டு மொடியூலை அடிக்கடி காணலாம். ஒரு தடவைக்கு ஐம்பது, நூறு, மிஞ்சிப்போனால் முந்நூறு. இந்த எண்ணிக்கைக்குத் ஃபேர்ம்வெயாரை, அதாவது மொடியூலை இயக்கும் நிரலை, தொழிற்சாலையிலேயே எழுதி எடுப்பது கட்டுப்படியாகாது. ஒவ்வொரு மொடியூலிலும் ஆறு வயரைச் சோல்டர் பண்ணி, எழுதி, திரும்பக் கழற்றுவது அதைவிட மோசம். ஓரத்தில் உள்ள உலோகத் தொடுமுனைகளான பேட்டுகளின் அரைவட்டத் துளைகளில் சோல்டர் தேங்கிவிடும், பிறகு மொடியூல் போர்டில் மட்டமாக உட்காராது.

இந்த வேலைக்கென்றே விற்பதுதான் கிளாம்ப் ஜிக். கறுப்பு பிளாஸ்டிக்கில் கீல் வைத்த ஒரு மூடி, மொடியூல் உட்காரும் ஒரு குழி, குழியின் அடியிலிருந்து மேலே தள்ளிக்கொண்டு நிற்கும் ஸ்பிரிங் பின்கள், பக்கத்தில் யுஎஸ்பி சொக்கெட்டும், யுஎஸ்பியைச் சீரியல் தொடர்பாக மாற்றும் சிஎச்340 சிப்பும் உள்ள ஒரு சிறிய போர்ட். மூடியை அமத்தினால் மொடியூலின் பேட்டுகள் பின்களில் அழுந்தும். கணினியில் கட்டளை கொடுத்தால் எழுதத் தொடங்கும். பெயர் இல்லாத ஜிக் இது, ஒரே வடிவம் பல கடைகளில் கிடைக்கிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மொடியூலும் டெவலப்மென்ட் போர்டும் கேட்டவுடன் எடுத்துத் தருவார்கள். ஜிக்கை இணையத்தில் ஓடர் போடுவதுதான் நடைமுறை.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் விற்பவர்கள் பெரிதாகப் போடும் விஷயம் யுஎஸ்பி சிப்பும் வேகமும். இந்த ஜிக்கின் தரம் அதில் இல்லை. பின் பேட்டில் எப்படித் தொடுகிறது, 3.3 வோல்ட் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்ற இரண்டில்தான் இருக்கிறது. இந்த இரண்டும் பெட்டியில் வந்த நிலையில் அரைகுறையாகவே இருக்கும். ஒரு பின்னேரம் செலவழித்துச் சரிசெய்தால் நல்ல கருவியாகிவிடும்.

முதலில் பின்கள். எழுதுவதற்கு ஆறு இணைப்பு போதும்: 1ஆம் பேட் கிரவுண்ட், 2ஆம் பேட் 3.3 வோல்ட், 3ஆம் பேட் ஈஎன் (மொடியூலை இயக்கி நிறுத்துவது), எதிர்ப்பக்கத்தில் 25ஆம் பேட் ஐஓ0 (எழுதும் நிலையைத் தெரிவது), 34ஆம் பேட் ஆர்எக்ஸ்டி (தரவு வாங்குவது), 35ஆம் பேட் டிஎக்ஸ்டி (தரவு அனுப்புவது). பேட்டின் மையத்திலிருந்து அடுத்த பேட்டின் மையத்துக்கு 1.27 மில்லிமீற்றர்தான். முதல் மூன்று பேட்டுகளின் வரிசையைத் திரும்பப் பாருங்கள்: கிரவுண்டும் 3.3 வோல்ட்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. மொடியூல் குழிக்குள் அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வழுக்கினால் 3.3 வோல்ட் பின்னின் தலை இரண்டு பேட்டையும் சேர்த்துத் தொடும். உடனே ஷோர்ட். கணினியின் யுஎஸ்பி போர்ட் தன்னைக் காத்துக்கொள்ளும், ஜிக்கின் ரெகுலேட்டரும் சூடாகி நின்றுவிடும், ஆனால் பின்னின் தலையில் ஒரு கரும்புள்ளி விழுந்திருக்கும். அந்தப் புள்ளி அடுத்த ஐம்பது மொடியூலிலும் தொல்லை தரும்.

வழுக்குவதற்குக் காரணம் கீல். மூடி நேராகக் கீழிறங்காமல் வளைவாக வந்து அமத்துவதால் மொடியூலைக் கொஞ்சம் கீல் பக்கத்திலிருந்து முன்னே தள்ளுகிறது. குழி 18 மில்லிமீற்றர் அகல மொடியூலுக்கு இறுக்கமாக இருந்தால் பிரச்சினை இல்லை. பல ஜிக்கில் அது தளர்வு. திருத்தம் எளிது: குழியின் முன் சுவரிலும் ஒரு பக்கச் சுவரிலும் கப்டன் டேப்பை (மெல்லிய, வெப்பம் தாங்கும் ஒட்டுநாடா) ஒவ்வொரு படையாக ஒட்டிக்கொண்டே போங்கள். மொடியூலை வைத்து விரல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் அசையக்கூடாது, ஆனால் ஜிக்கைத் தலைகீழாகப் பிடித்தால் தானாக விழவேண்டும். அந்த அளவு வந்ததும் நிறுத்துங்கள். இரண்டு மூன்று படை பெரும்பாலும் போதும்.

பின்னின் தலை எந்த வடிவம் என்று ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். புதிய மொடியூலின் பேட் தங்கப்பூச்சு, சுத்தமான தட்டை. அதற்கு உருண்டைத் தலையோ, சிறு பற்கள் உள்ள கிரீடத் தலையோதான் சரி. ஊசித் தலை பேட்டைக் குத்திக் கீறும், பக்கவாட்டில் வளையவும் செய்யும். ஊசித் தலை சோல்டரும் ஃப்ளக்ஸும் படிந்த போர்டைத் தொடுவதற்கு உரியது. ஐம்பது மொடியூலுக்கு ஒரு தடவை பின்களை ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். அதுவும் தலையை மட்டும். அல்கஹோல் பின்னின் குழாய்க்குள் வழிந்தால் அழுக்கையும் உள்ளே கொண்டுபோய் ஸ்பிரிங்கைச் சிக்கவைக்கும்.

தொடுகை நன்றாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது, மல்டிமீற்றரால் முடியும். மொடியூல் இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு முனையை ஜிக் போர்டின் 3.3 வோல்ட் புள்ளியிலும், மறு முனையை மொடியூலின் 2ஆம் பேட்டின் ஓரத்திலும் வையுங்கள். வாசிப்பு 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் என்றால் அந்தப் பின்னை மாற்றுங்கள். 100 மில்லியம்பியர் ஓடும்போது 50 மில்லிவோல்ட் என்பது அரை ஓம். நல்ல பின் அதில் சிறு பங்குதான் காட்டும். கிரவுண்டுக்கும் இதே சோதனை வேண்டும். கிரவுண்டுக்கு ஒரே ஒரு பின் வைத்த ஜிக் வந்தால் 38ஆம் பேட்டுக்கும் ஒரு பின் சேர்த்துவிடுங்கள், அதுவும் கிரவுண்ட்தான்.

இனி மின்சாரம். இந்த ஜிக்கில் அதிகம் ஆட்களைக் குழப்பும் இடம் இது. எழுதும்போது எந்தக் குறையும் தெரியாது. கடைசியில் ஹாஷ் (எழுதியதைச் சரிபார்க்கும் எண்) சரி என்று செய்தி வரும். ஐஓ0ஐ விட்டு ரீசெட் பண்ணினால் பிரவுன் அவுட் (மின்னழுத்தம் போதவில்லை) செய்தி வந்து திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகும். உடனே மொடியூல் பழுது என்று ஒதுக்கிவிடுவார்கள். மொடியூலில் பிழை இல்லை. எழுதும்போது வைஃபை ஓடுவதில்லை, தேவைப்படும் மின்னோட்டம் குறைவு. ஃபேர்ம்வெயார் முதல் தடவை வைஃபையைத் தொடக்கும்போது ரேடியோப் பகுதி முழு அளவீட்டுத் திருத்தம் செய்கிறது, அந்தக் கணத்தில் மின்னோட்டம் பாய்ந்து ஏறும். தரவுத்தாள் 500 மில்லியம்பியர் தரக்கூடிய வழங்கல் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஜிக்கில் இருப்பது பெரும்பாலும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர். 3.3 வோல்ட் தருவதற்கு அது உள்ளே வரும் பக்கம் சுமார் 1.1 முதல் 1.3 வோல்ட் அதிகம் கேட்கும், அதாவது 4.4 முதல் 4.6 வரை. இப்போது கேபிளைப் பாருங்கள். ஒல்லியான யுஎஸ்பி கேபிளில் மின் வயர் 28 ஏடபிள்யூஜி என்ற மெல்லிய அளவு. மீற்றருக்கு 0.21 ஓம். ஒன்றரை மீற்றர் கேபிளில் போக வர 3 மீற்றர், 0.64 ஓம். 500 மில்லியம்பியர் ஓடினால் கேபிளிலேயே 0.32 வோல்ட் போய்விடுகிறது. மடிக்கணினியின் யுஎஸ்பி போர்ட் 4.75 தந்தால் ரெகுலேட்டருக்குப் போவது 4.43. வெளியே 3.3 நிற்குமா என்பது அதிர்ஷ்டம். இதோடு மின்சாரம் இல்லாத ஒரு ஹப்பையும் நடுவில் வைத்தால் அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

செய்ய வேண்டியது மூன்று. அரை மீற்றருக்கு மேற்படாத தடித்த கேபிள். ஜிக்கின் 3.3 வோல்ட் பின்னுக்கு மிக அருகில், வயரே இல்லாமல், 220 மைக்ரோபாரட் குறை ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) கபாசிற்றர் ஒன்று, அதன் பக்கத்தில் 0.1 மைக்ரோபாரட் செரமிக் ஒன்று. மூன்றாவது, 3.3 வோல்ட் வரியில் ஒரு சுவிட்ச். இந்தச் சுவிட்ச் பல ஜிக்கில் இல்லை, இருக்க வேண்டும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மூடியை அமத்தினால் எந்தப் பின் முதலில் தொடும் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். கிரவுண்ட் தொடுமுன் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் வழியாக மின்னோட்டம் உள்ளே போகும். நிரம்பிய கபாசிற்றரும் ஒரே நொடியில் கொட்டும், பின் தலையில் பொறி பறக்கும். மூடு, சுவிட்ச் போடு, எழுது, சுவிட்ச் நிறுத்து, திற. இந்த ஒழுங்கு கை தானாகச் செய்யும் பழக்கமாக வேண்டும்.

எழுதும் நிலைக்குப் போகவைக்கும் சுற்று அடுத்தது. ஐஓ0 தாழ்வாக இருக்கும்போது ஈஎன் தாழ்விலிருந்து உயர்ந்தால் மொடியூல் எழுதும் நிலைக்குப் போகும். ஜிக்கில் யுஎஸ்பி சிப்பின் கட்டுப்பாட்டு வரிகளான டிடிஆர், ஆர்டிஎஸ் இரண்டையும் இரண்டு டிரான்சிஸ்டர் வழியாகக் கொடுத்து இதைத் தானாகச் செய்கிறார்கள். கணினி அந்த இரண்டையும் ஒரே கணத்தில் மாற்றுவதில்லை. சிறு இடைவெளியில் ஈஎன் முந்திக்கொண்டால் மொடியூல் வழமையாகத் தொடங்கிவிடும், கணினியில் இணைப்புக்குக் காத்து நேரம் முடிந்தது என்று வரும். பத்தில் இரண்டு மூன்று தடவை இப்படி வந்தால் ஈஎன்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 1 மைக்ரோபாரட் இருக்கிறதா என்று பாருங்கள். 10 கிலோ ஓம் மேலிழுப்பு ரெசிஸ்டரோடு சேர்ந்து அது ஈஎன் உயர்வதைப் பத்து மில்லிசெக்கன் அளவு தாமதிக்கும், அதற்குள் ஐஓ0 தாழ்ந்துவிடும். டெவலப்மென்ட் போர்டில் இந்த ரெசிஸ்டரும் கபாசிற்றரும் போர்டிலேயே இருக்கும். வெறும் மொடியூலுக்கு அவற்றை ஜிக்தான் தரவேண்டும். ஈஎன் மிதந்துகொண்டு நிற்கக்கூடாது.

ஐஓ12க்கு எதையும் இணைக்க வேண்டாம். தொடக்கத்தில் அது உயர்வாக இருந்தால் நிரலைச் சேமிக்கும் ஃப்ளாஷ் 1.8 வோல்ட் என்று மொடியூல் எடுத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது 3.3 வோல்ட் ஃப்ளாஷ், ஆகவே வாசிப்பே நடக்காது. எல்லாப் பேட்டுக்கும் பின் வைத்து, எல்.ஈ.டி. வரிசையும் போட்ட பெரிய ஜிக்குகளில் இந்தத் தொல்லை வரும். சிறிய ஆறு பின் ஜிக்கே மேல்.

வேகம்: சிஎச்340 உடன் செக்கனுக்கு 921600 பிட் பெரும்பாலும் சரிவரும். 1 எம்பி ஃபேர்ம்வெயாரைச் சுருக்காமல் அனுப்பும் கணக்கில் 115200இல் 91 செக்கன், 921600இல் 11 செக்கன். எழுதும் மென்பொருளான ஈஎஸ்பிடூல் சுருக்கி அனுப்புவதால் நடைமுறையில் இன்னும் குறையும். இடையிடையே பிழை வந்தால் 460800க்கு இறக்குங்கள், ஒரு மொடியூலுக்குச் சில செக்கன்தான் கூடும். எடுத்து வைத்து, எழுதி, சோதித்து, ஸ்டிக்கர் ஒட்ட ஒரு மொடியூலுக்கு 40 செக்கன் என்று வைத்தால் நூறு மொடியூல் ஒரு மணித்தியாலம் பத்து நிமிடத்துக்குள் முடியும். இதற்கு மேல் யுஎஸ்பி வேகத்தைக் கூட்டிப் பயனில்லை, நேரம் போவது கையில்.

ஜிக்கோடு வரும் விண்டோஸ் மென்பொருளைத் தொட வேண்டாம். ஈஎஸ்பிடூலை அழைக்கும் ஒரு சிறு பைத்தன் நிரல் எழுதிக்கொள்வதே சரி. அது முதலில் ஃப்ளாஷின் அடையாளத்தை வாசிக்கட்டும். சாதன எண் 4016 என்றால் 4 எம்பி, 4018 என்றால் 16 எம்பி. 16 என்று காசு கொடுத்து வாங்கிய பொதியில் 4 வந்திருக்கிறதா என்பது அப்போதே தெரியும். பிறகு ஃப்ளாஷ் முழுவதையும் அழித்து, எழுதி, ஒவ்வொரு மொடியூலுக்கும் தனியாக உள்ள மெக் முகவரியையும் ஃபேர்ம்வெயார் பதிப்பையும் தொடரிலக்கத்தையும் ஒரு கோப்பில் வரியாகச் சேர்க்கட்டும். அதே மெக் முகவரி இரண்டாவது தடவை வந்தால் நிரல் நிற்க வேண்டும். எழுதிய மொடியூல் எழுதாத குவியலுக்குத் திரும்பிப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

மாட்டிக்கொள்ளும் இரண்டு இடம் இருக்கிறது, இரண்டையும் ஜிக்கின் குறை என்று நினைத்துவிடுவது சுலபம். ஒன்று முகவரி. ஈஎஸ்பி32க்கு பூட்லோடர் (முதலில் ஓடிப் பயன்பாட்டைத் தொடக்கும் சிறு நிரல்) ஹெக்ஸ் 1000இல், பார்ட்டிஷன் அட்டவணை 8000இல், பயன்பாடு 10000இல். அதே குடும்பத்தின் எஸ்3 வகைக்கும் சி3 வகைக்கும் பூட்லோடர் 0இலேயே தொடங்கும். எஸ்3 வ்ரூம்-1 மொடியூலும் அதே 18க்கு 25.5 மில்லிமீற்றர், நமக்கு வேண்டிய ஆறு பேட்டும் அதே இடங்களில். பேட் எண்கள் மட்டும் மாறும், ஆர்எக்ஸ்டி 36, டிஎக்ஸ்டி 37, ஐஓ0 27. ஆகவே இந்த ஜிக்கில் அது அழகாகப் பொருந்தும். அது ஒரு வசதி. ஆனால் பழைய நிரலை அப்படியே ஓட்டினால் பூட்லோடர் தவறான இடத்தில் எழுதப்படும், ஹாஷும் சரி என்றே வரும், மொடியூல் மட்டும் தொடங்காது. எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்பதைத்தான் ஹாஷ் சொல்கிறது, எழுதிய இடம் சரியா என்று சொல்லாது.

மற்றது ஒன்றாக்கிய கோப்பு. பூட்லோடர், அட்டவணை, பயன்பாடு மூன்றையும் ஒரே கோப்பாக்கினால் எழுதுவது சுலபம். நடுவில் உள்ள வெற்றிடத்தை அது எஃப்எஃப் கொண்டு நிரப்புகிறது. 9000இல் இருக்கும், அமைப்புகளைச் சேமிக்கும் என்விஎஸ் பகுதியும் அந்த வெற்றிடத்துக்குள்தான் வருகிறது. தொடரிலக்கத்தையும் ரகசியச் சாவியையும் முதலில் எழுதி, பிறகு ஒன்றாக்கிய கோப்பை எழுதினால் எல்லாம் துடைத்துப்போகும். ஒன்றாக்கிய கோப்பு முதலில், என்விஎஸ் பிறகு. இதை நிரலிலேயே பூட்டிவிடுங்கள்.

எழுதி முடிந்ததும் ஐஓ0ஐ விட்டு ரீசெட் செய்து, ஃபேர்ம்வெயார் சீரியலில் அனுப்பும் ஒரு வரிக்காக நிரல் சில செக்கன் காத்திருக்க வேண்டும். பதிப்பு எண், தொடரிலக்கம், வைஃபை தொடங்கியது என்ற மூன்றும் அந்த வரியில் இருக்கட்டும். அந்த வரி வந்த மொடியூலுக்கு மட்டுமே ஸ்டிக்கர். இந்த ஒரு சோதனை மேலே சொன்ன மின்சாரக் குறையையும் முகவரித் தவறையும் என்விஎஸ் தவறையும் ஒன்றாகப் பிடிக்கும்.

எழுதும்போது மின்சாரம் போனால் பயப்பட வேண்டாம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமின்னலில் இது நடக்கக்கூடியதுதான். எழுதும் நிலைக்கான நிரல் சிப்பின் நிலையான ரோமில் இருப்பதால் பாதியில் நின்ற மொடியூலைத் திரும்ப எழுதலாம். ஈஃப்யூஸ், அதாவது சிப்பில் ஒரு தடவை மட்டும் எரித்து எழுதும் பிட்டுகள், வேறு விஷயம். செக்யூர் பூட்டும் (கையொப்பமிட்ட நிரலை மட்டும் ஓடவிடுவது) ஃப்ளாஷ் குறியாக்கமும் போடுவதென்றால் அது திரும்ப வராத எரிப்பு, தொடுகை ஆடும் ஜிக்கில் செய்யவே கூடாது. இரண்டு மொடியூலைப் பலி கொடுத்துப் பழகிவிட்டு, மடிக்கணினி பற்றரி நிரம்பியிருக்கும்போது செய்யுங்கள்.

கொழும்புக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது. வ்ரூம் மொடியூல் ஈரப்பத உணர்திறனில் 3ஆம் நிலை. வெற்றிடப் பையைத் திறந்தபின் 30 பாகை, 60 வீத ஈரப்பதத்தில் 168 மணித்தியாலம்தான் கணக்கு. கொழும்பில் குளிரூட்டி இல்லாத அறையில் ஈரப்பதம் 60 வீதத்தில் நிற்பது அபூர்வம். திங்கட்கிழமை பை உடைத்து எழுதி, மூடியில்லாத தட்டில் அடுக்கி, இரண்டு கிழமை கழித்து, சோல்டரை உருக்கி ஒட்டும் ரீஃப்ளோ அடுப்பில் வைத்தால் உள்ளே உறிஞ்சிய ஈரம் ஆவியாகி மொடியூலின் படைகளைப் பிரிக்கும். எழுதியவற்றை அன்றன்றே சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் அட்டையும் போட்ட பையில் சூடு வைத்து அடையுங்கள். அட்டையின் நிறம் மாறியிருந்தால் சோல்டர் பண்ணுமுன் அடுப்பில் சூடாக்கி உலர்த்த வேண்டும். வழக்கமான 125 பாகை வெப்பத்தை மொடியூல் வந்த ரீலின் பிளாஸ்டிக் தாங்காது, உலோகத் தட்டுக்கு மாற்றிவிட்டு வையுங்கள். கை இரும்பால் சோல்டர் பண்ணுபவர்களுக்கு ஆபத்து குறைவு, ஆனாலும் பை பழக்கம் நல்லது.

இதனால்தான் முந்நூறைத் தாண்டுபவர்களுக்கு இந்த ஜிக் சரியான பதில் இல்லை. போர்டில் மொடியூலை ஒட்டியபின் எழுதுவதே முறை. போர்டில் 2.54 மில்லிமீற்றர் இடைவெளியில், 1.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஆறு தொடுபுள்ளிகளும் இரண்டு வழிகாட்டித் துளைகளும் விடுங்கள். 5 மில்லிமீற்றர் அக்ரிலிக் தகட்டைப் பெயர்ப்பலகை செய்யும் கடையில் லேசரால் வெட்டலாம். பி75 என்ற ஸ்பிரிங் பின் 1.02 மில்லிமீற்றர் விட்டம். அதை நேரடியாகச் சோல்டர் பண்ணாமல் ஆர்75 சொக்கெட்டை அக்ரிலிக்கில் இறக்கி, வயரைச் சொக்கெட்டின் வாலில் சோல்டர் பண்ணுங்கள். பின் தேய்ந்தால் இடுக்கியால் இழுத்துப் புதியதைச் செருகலாம். பின் மூன்றில் இரண்டு பங்கு அமுங்கும் உயரத்தில் போர்ட் நிற்க வேண்டும். இடம் இல்லாத போர்டுக்கு டேக்-கனெக்ட் டிசி2030-என்எல் (பிடிகால் இல்லாத வகை) கேபிள் நல்லது. ஆறு தொடுகையும் மூன்று வழிகாட்டித் துளையும் மட்டும் கேட்கும், போர்டில் ஒரு உதிரிப்பாகமும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு போர்டுக்கும் கையால் பிடித்திருக்க வேண்டும், நூறாவது போர்டில் கை நடுங்கும்.

இரண்டு ஜிக்கை ஒரே கணினியில் ஓட்ட நினைப்பவர்கள் சிஎச்340க்குப் பெரும்பாலும் தனித்தனித் தொடரிலக்கம் இல்லை என்பதைக் கவனியுங்கள். விண்டோஸ் எந்த யுஎஸ்பி துளையில் செருகினீர்கள் என்பதை வைத்தே கொம் எண் கொடுக்கும். துளைக்கு ஒரு ஸ்டிக்கர், ஜிக்குக்கு அதே ஸ்டிக்கர். மின்சாரம் உள்ள ஹப் கட்டாயம்.

ஓடர் போடுமுன் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பின்கள் சொக்கெட்டில் செருகியவையா, போர்டில் சோல்டர் பண்ணியவையா? பின்னின் தலை எந்த வடிவம்? முதலாவதற்கு சொக்கெட் என்ற பதிலும், அடிப்பக்கத்தின் படமும் வராவிட்டால் வேறு கடை பாருங்கள். வாங்கும்போதே அதே அளவில் பத்து உதிரிப் பின்களையும் சேர்த்துப் போடுங்கள், பிறகு தனியாக எடுக்கப் போனால் பின்னைவிடத் தபால் செலவுதான் கூடும்.